திரும்பிப் பார்க்காத முதுகு

இது நடந்த கதை. நடந்ததை நடந்தபடியே சொல்வது, ஒரு சொல்லைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்ற வாக்குறுதியோடுதான் வாத்தியம் ரிப்பேர் செய்கிற கடையில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தது. கேட்க மூன்று பேர் இருந்தார்கள். கடைக்காரர், நெளிந்த குழலை நிமிர்த்த வந்த ட்ரம்பெட்காரர், கம்பி மாற்ற வந்த வயலின்காரர்.

ட்ரம்பெட்காரர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "போன தடவ ஒருத்தன் கிட்டார் கம்பியிலயே துணி காயப்போட்டான்னு சொன்னியே, அதுவும் இந்த மாதிரி வாக்குக் குடுத்துச் சொன்ன கதைதானே?"

சரி, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கதையிலும் ஆள் உண்மை, ஹோட்டல் உண்மை, மனஸ்தாபம் உண்மை. நடுவில் கொஞ்சம் இழுத்திருக்கிறது. ரப்பரை இழுக்காமல் வைத்திருந்தால் அதற்குப் பேர் ரப்பரா? ஆனால் அறுந்து போகிற அளவுக்கு இழுக்கவில்லை. அது நிச்சயம்.

கதைக்கு உரியவர் ஒரு டிரம்ஸ்காரர். அவரை எல்லோரும் 'ஒன்டூ' என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையில் அவர் வாயிலிருந்து வருகிற பேச்சு மொத்தமே நாலு சொல்: "ஒன், டூ, த்ரீ, ஃபோர்." அதைச் சொல்லிக் குச்சியைத் தட்டினால் பாட்டு ஆரம்பிக்கும். பாட்டு ஆரம்பித்துவிட்டால் அவர் கல்லுளிமங்கன். வெளியிலும் அப்படித்தான். டீக்கடையில் ஒரு டீ என்று சொல்லவே மனசுக்குள் நாலு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் சொல்வார். அவர் எண்ணி முடிப்பதற்குள் பின்னால் வந்தவன் டீ குடித்து, கிளாஸைக் கழுவி வைத்து, கல்யாணமும் செய்துகொண்டு போயிருப்பான்.

அவர் வாசித்த இடம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெதுவான பாட்டாக வாசிக்க வேண்டும். வருகிறவர்களுக்கு உணவு செரிக்க வேண்டும், ஆனால் பாட்டு காதில் விழுந்துவிடக் கூடாது. அதுதான் மேனேஜர் போட்ட சட்டம். மேடை என்று ஒன்று கொடுத்திருந்தார்கள் பாருங்கள், அது முன்பு பெட்டிகளை அடுக்கி வைத்த சந்து. அகலம், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அதனால் வாத்தியக்காரர்கள் நாலு பேரும் டாக்டரைப் பார்க்க வந்த வரிசை போல ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க முடியும். முதலில் பாட்டுக்கார அம்மா. அவருக்குப் பின்னால் கீபோர்டுக்காரர். அவருக்குப் பின்னால் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். கடைசியில், சுவரோடு சுவராக, ஒன்டூ. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற இடம். ஆக, முன்னால் மூன்று முதுகு, பின்னால் தட்டுச் சத்தம். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம்.

நாலு பேருக்கும் ஹோட்டல் ஒரே மாதிரி பழுப்புக் கோட்டு கொடுத்திருந்தது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். ஒன்டூவுக்கு ஆடை முழுசு. ஆளே கிடையாது.

ஏன் என்று கேட்டால், டிரம்ஸ்காரன் பிழைப்பு அப்படி. மற்றவர்கள் வந்து ஒயரைச் செருகினால் தீர்ந்தது. இவருக்கு மட்டும் ஒரு லாரிச் சாமான். பெரிய டிரம், சின்ன டிரம், தாம்பாளம் தாம்பாளமாகச் சிம்பல், அதற்குக் கால், அந்தக் காலுக்கு மூன்று கால், ஒவ்வொரு காலுக்கும் நட்டு. சாயந்திரம் அதே சந்தில் கேக் மேசை போட வேண்டும் என்பதால் தினமும் மாட்டி, தினமும் கழற்ற வேண்டும். எல்லோருக்கும் முன்னால் வந்து குனிவார். மற்றவர்கள் வரும்போது பெரிய டிரம்முக்கு அடியில் தலையை விட்டுப் பெடல் மாட்டிக்கொண்டிருப்பார். நிமிரும்போது மூவரும் முன்பக்கம் திரும்பி நின்றிருப்பார்கள். வாசித்து முடிந்ததும் அவர்கள் சாப்பிடப் போவார்கள். இவர் மறுபடி குனிவார். கடைசி நட்டைக் கழற்றிப் பையில் போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வேலையாட்கள் சாப்பிடுகிற அறைக்குப் போனால், மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டிருப்பார்கள். ஈரத்தின் மேலேயே தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிடுவார்.

வீடும் அப்படித்தான். மின்விசிறி ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு ஸ்டூல், பழகுவதற்கு ஒரு ரப்பர் பலகை, ஒரு கட்டில், இரண்டு டம்ளர். முதல் டம்ளர் ஒடுங்கி, கீறி, கறுத்துக் கிடந்தது. இரண்டாவது, கடையில் ஒட்டிய சீட்டுக்கூட உரியாமல் அப்படியே இருந்தது.

வேறு ஊரிலிருந்து அக்கா போன் செய்வாள்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"யாரு கூடயாவது பேசினியா?"

"வாசிச்சேன்."

"பேசினியான்னு கேட்டேன். உன்னைப் பாக்கன்னு ஒரு பொண்ணு ஹோட்டல் வரைக்கும் வந்தா. நீ டிரம்முக்குள்ள தலைய விட்டுட்டு இருந்திருக்க. இடுப்புக்கு மேல ஆளே இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த நட்டயே கட்டிக்கோ."

அக்கா கிண்டல் செய்வாளே தவிர, போனை வைக்கும்போது அவள் குரல் கொஞ்சம் கம்மிவிடும். ஒன்டூவுக்கு அது கேட்கும். தாளம் பிசகுவது அவருக்குக் கேட்காமல் போகுமா?

இந்த மனுஷனுக்கும் ஒரு துணை இருந்தது. அது பேஸ்காரரின் வலது குதிகால்.

சிரிக்காதீர்கள். டிரம்ஸ்காரன் வலது காலால் பெரிய டிரம்மை மிதிக்கிற நேரத்தில்தான் பேஸ்காரன் அடிக்கம்பியை இழுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் பாட்டு தரையில் காலூன்றி நிற்கும். மயிரிழை தவறினாலும் நொண்டும். பேஸ்காரர் வாசிக்கும்போது அவருடைய வலது குதிகால் மெல்ல உயரும், இறங்கும். ஒன்டூ அந்தக் குதிகாலைப் பார்த்தே மிதிப்பார். நகமும் சதையும் என்பார்களே, இது காலும் காலும். பேஸ்காரரும் பேச்சில் சளைத்தவர் இல்லை, அதாவது பேசாமல் இருப்பதில். ஒன்டூவுக்குத் தெரிந்து அவர் பேசியதெல்லாம் "ம்." இரண்டு ஊமைகள் பன்னிரண்டு வருஷம் காலால் அரட்டை அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி உண்டு. அது தெரியாவிட்டால் கதை விளங்காது. வாசிக்கும்போது முன்னால் நிற்கிறவன் டிரம்ஸ்காரனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், 'நீ தப்பு பண்றே' என்று அர்த்தம். ஊரறியச் செருப்பால் அடித்ததற்குச் சமம். பாட்டுக்கார அம்மா ஒன்டூவைப் பல தடவை திரும்பிப் பார்த்திருக்கிறார். கீபோர்டுக்காரர் தும்மல் வந்தால்கூடத் திரும்புவார். பேஸ்காரர் மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. ஒன்டூவுக்கு வாழ்க்கையில் கிடைத்த மெடல் அதுதான். திரும்பாத அந்தப் பழுப்பு முதுகு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ரேடியோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தொழிலாக டிரம் வாசிக்கிறவர்களிடம் பேசி ஒலிபரப்புகிற நிகழ்ச்சியாம். மற்ற டிரம்ஸ்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு மூட்டை பெருமையோடு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்டூவிடம் மைக்கை நீட்டினாள். அணில்வால் போல மயிர் வைத்த மைக். ஒன்டூ அதைத் தடவிக் கொடுக்கப் பார்த்தார்.

"சார், அதைத் தொடாதீங்க. இந்தத் தொழில்ல ரொம்பக் கஷ்டமானது எது?"

ஒன்டூ மனசுக்குள் நாலு எண்ணினார். "சும்மா இருக்கிறது."

"புரியல சார்."

"கையில குச்சி இருக்கும்மா. முன்னால அடிக்க எட்டு சாமான் இருக்கு. எல்லாத்தையும் அடிக்கணும்னு கை அரிக்கும். அடிக்காம உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் சம்பளம்."

அவள் சிரித்தாள். தான் சொல்லி ஒரு ஆள் சிரித்ததும் ஒன்டூவுக்கு மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. குச்சியை எங்கே பிடிப்பது, மழை நாளில் டிரம்மின் தோல் எப்படித் தொங்கும், செருப்பைக் கழற்றிவிட்டு ஏன் மிதிக்க வேண்டும், எல்லாம் கொட்டினார். பன்னிரண்டு வருஷப் பேச்சும் ஒரே நாளில் வெளியே வந்ததில் அவர் தொண்டையே பயந்துவிட்டது.

"வாசிக்கிறப்போ எங்க சார் பாப்பீங்க?"

"முதுகைத்தான். பாட்டுக்காரம்மா மேல போகப்போறாங்கன்னா தோள்பட்டை ரெண்டும் கோழி றெக்க மாதிரி தூக்கும். கீபோர்டுக்காரர் தப்பு பண்ணப்போறார்னா முன்னாடியே காது சிவந்துரும். அவருக்குத் தெரியறதுக்கு முந்தி எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கூட்டாளி யாரு?"

"பேஸ்காரர்," என்றார், நாலு எண்ணாமலே.

"அவர் எப்படி இருப்பார்? கேக்கிறவங்களுக்குச் சொல்லுங்களேன். முகம், கண்ணு..."

ஒன்டூ வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். கோட்டின் இடது தோளில் ஒரு தையல் விட்டிருப்பது தெரியும். பின்கழுத்தில் இரண்டு மடிப்பு இருப்பது தெரியும். குதிகாலில் செருப்புத் தேய்ந்த சாய்வு தெரியும். முகம்? மீசை உண்டா? மூக்கு நீளமா, சப்பையா? மூக்கு இருக்கிறதா?

"நல்லவர்," என்றார் கடைசியில்.

அந்தப் பெண் மைக்கை அணைத்துவிட்டு, சிரித்தபடியே போய்விட்டாள். ஒன்டூவுக்குத்தான் மேலெல்லாம் ஒரு மாதிரி ஆனது. பன்னிரண்டு வருஷம் கூட இருந்த ஆளின் முகம் தெரியவில்லை என்றால், கூட இருந்ததாக எப்படிச் சொல்வது? இன்றைக்கு நிமிர்ந்து பார்த்தே தீருவது என்று முடிவு செய்தார். முடிவு செய்த நேரம் பார்த்துப் பெடலில் ஸ்பிரிங் கழன்றுகொண்டது. குனிந்தார். நிமிர்ந்தபோது மூன்று முதுகும் தயாராக நின்றன.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

மூன்றாவதோ நாலாவதோ பாட்டு. நடுவில் பேஸ்காரரின் குதிகால் உயர்ந்தது. உயர்ந்தது இறங்கவில்லை. பழுப்புக் கோட்டு அசைந்தது. தோளில் விட்டிருந்த தையல் பக்கவாட்டில் வந்தது.

பேஸ்காரர் திரும்பினார்.

ஒன்டூவுக்கு உச்சந்தலையில் இடி விழுந்தது. தப்பு செய்துவிட்டோம். எங்கே? எந்த அடியில்? அவமானத்தில் சட்டென்று குனிந்து பெடலைப் பார்த்தார், குற்றம் அதன் மேல்தான் என்பது போல. அவர் மறுபடி நிமிர்ந்தபோது எதிரே பழைய முதுகுதான் இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்த அதே நாளில், முகம் தானாக வந்து கதவைத் தட்டியபோது, மனுஷன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்.

("அட மடையா," என்றார் ட்ரம்பெட்காரர் இந்த இடத்தில். கடைக்காரர், "நீ சும்மா கேளு," என்றார்.)

மறுநாள் பேஸ்காரர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையாலேயே அடிக்கம்பிச் சத்தத்தையும் சேர்த்து வாசித்துவிட்டார். சாப்பிட வந்த ஒரு ஆள்கூடத் தலையைத் தூக்கவில்லை. "பாத்தீங்களா, யாருக்கும் வித்தியாசம் தெரியல," என்று மேனேஜர் சந்தோஷப்பட்டார்.

ஒன்டூவுக்குத் தெரிந்தது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு மிதிக்கும் அப்படி இருந்தது. குதிகால் இருந்த இடத்தில் ஒரு ஒயர் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்து மிதித்தார்.

அறைக்கு வந்தாலும் அதே கேள்வி. ஏன் திரும்பினான்? அந்த ஒரு அடி தப்பா, இல்லை, பன்னிரண்டு வருஷமும் தப்பா? பாவம் என்று இத்தனை நாள் பொறுத்துக்கொண்டு, கடைசியில் முடியாமல்தான் திரும்பினானா? அப்படியானால் அந்த மெடல் தகரமா? ரப்பர் பலகையில் தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் விழுந்தது. சரியாக விழுகிறது என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? கீழே மின்விசிறிக் கடையில் ஏதோ ஒரு விசிறி டக், டக் என்று தட்டிக்கொண்டு சுற்றியது. அதுவும் தாளம் தப்பித்தான் சுற்றியது.

அக்கா போன் செய்தாள். "குரல் ஏன்டா இப்படி இருக்கு?"

"ஒருத்தர் என்னைத் திரும்பிப் பாத்துட்டாரு."

"பாத்தா பாக்கட்டும். நல்லதுதானே?"

"உனக்குப் புரியாதுக்கா."

"எனக்குப் புரியலன்னா, புரிஞ்சவன்கிட்ட போய்க் கேளு. என்கிட்ட மூக்கால அழுதா ஆச்சா?"

ஆகவே கேட்கப் போனார். பேஸ்காரர் தன் மச்சானின் நாற்காலி வாடகைக் கடையில் இருப்பதாகக் கீபோர்டுக்காரர் வழி சொன்னார். கடை என்றால் பெரிய கொட்டகை. உள்ளே கூரை வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. இந்த உலகத்தில் இருக்கிற எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் மாமியார்களுக்கும் மிச்சம் வைக்கலாம். அத்தனை நாற்காலிக்கும் சேர்த்து உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். சட்டை பொத்தான் திறந்து, ரப்பர் செருப்புப் போட்டு, வாசலில்.

"வாங்க வாங்க. எத்தன நாற்காலி வேணும்? கை வெச்சதா, வெக்காததா?"

"நாற்காலி வேணாங்க. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் இங்கதான் இருக்காராமே. அவரப் பாக்கணும்."

"எதுக்கு?"

"சண்ட போடணும்."

அந்த ஆள் ஒன்டூவை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு வெளிய போயிருக்காரு. உக்காருங்க. உக்காரதுக்கா பஞ்சம்? என்ன சண்டன்னு என்கிட்டயே சொல்லி வைங்க. வந்ததும் எடுத்துச் சொல்றேன்."

ஒன்டூ உட்கார்ந்தார்.

("இரு இரு," என்று வயலின்காரர் இங்கே குறுக்கே விழுந்தார். "எதிர்ல இருக்கிறதே அவன்தானே? முகம் தெரியல, சரி. குரல் கூடவா தெரியாது?" பன்னிரண்டு வருஷமாக 'ம்' மட்டும் சொன்ன ஆள், வியாபாரத்தில் உட்கார்ந்ததும் வாய் கிழியப் பேசினால் யாருக்குத் தெரியும்? கொஞ்சம் ரப்பரும் இருக்கிறது. முதலிலேயே சொன்னதுதானே?)

"கச்சேரியில என்னத் திரும்பிப் பாத்துட்டாருங்க," என்றார் ஒன்டூ.

அந்த ஆளின் முகத்தில் ஏதோ ஓடியது. ஒன்டூ தரையைப் பார்த்துப் பேசியதால் அதைப் பார்க்கவில்லை.

"ஓகோ. நீங்கதான் டிரம்ஸா?"

"ஆமா. பன்னெண்டு வருஷம் திரும்பாத மனுஷன். திரும்பினாரு. மறுநாளே வேலைய விட்டுட்டாரு. நான் அவ்வளவு கேவலமா வாசிச்சேனா? அப்படின்னா மொதல் நாளே சொல்லியிருக்கணும். நான் வேற தொழில் பாத்திருப்பேன்."

"என்ன தொழில்?"

"நட்டு கழட்டற வேல எதாச்சும்."

"அந்த ஆளு அப்படித்தாங்க," என்றார் நாற்காலிக்காரர், ரொம்ப வருத்தமாக. "அழுத்தக்காரன். வாசிக்கவாவது தெரியுமா அவனுக்கு?"

"அப்படிச் சொல்லாதீங்க." ஒன்டூவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர மாதிரி வாசிக்க ஆளே கெடையாது. கொஞ்ச நாளா ஒரு புது ஸ்டைல் பண்ணாரு பாருங்க. நாலு அடில ரெண்ட வாசிக்கவே மாட்டாரு. அப்படியே விட்டுருவாரு. அந்த எடத்துல நான் காலால ஒரு மிதி கூடப் போட்டு அடைப்பேன். கேக்க அவ்வளவு அழகா இருக்கும். யாருக்கு வரும் அந்த மாதிரி விடறதுக்கு?"

நாற்காலிக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்டூவும் வந்த இடத்தில் வாயைத் திறந்துவிட்டோமே என்று அடங்கிவிட்டார். சும்மா இருந்த விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தன. டிரம்ஸ்காரன் விரலைக் கட்டிப்போடக் கயிறு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எதிரே ஒரு ரப்பர் செருப்பில் ஒரு குதிகால் மெல்ல உயர்ந்தது.

ஒன்டூ விரலை நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது. குதிகால் இறங்கியது, விரல் விழுகிற அதே நேரத்தில், மயிரிழை தவறாமல். மறுபடி உயர்ந்தது. ஒன்டூ குதிகாலிலிருந்து கணுக்காலுக்கு வந்தார். முழங்காலுக்கு வந்தார். சட்டைக்கு வந்தார். திறந்த பொத்தானுக்கு வந்தார். அங்கிருந்து முகத்துக்கு வர, முதுகு மாதிரி ஒரு மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

சாதாரண முகம். சின்ன மீசை. ஒரு புருவத்தின் நடுவில் பழைய தழும்பு. மூக்கு இருந்தது. இத்தனை வருஷமும் இந்த முகம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"ஏன் திரும்பினே?" என்றார் ஒன்டூ. அவர் அந்த ஆளை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

பேஸ்காரர் இடது கையை நீட்டிக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் அடம் பிடிக்கிற குழந்தை மாதிரி வளைந்தே நின்றன.

"ரெண்டும் செத்துப் போச்சு. கம்பிய அழுத்தினா அழுத்தினதே தெரியாது. அது ஸ்டைல் இல்ல. வாசிக்க முடியாம விட்டது. நான் விட்ட எடத்தையெல்லாம் நீ மிதிச்சு மிதிச்சு அடச்சுட்டு வந்தே. நீ தெரிஞ்சுதான் செய்யறேன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதே."

"இப்பத்தானே தெரியுது, நீ தெரியாம செஞ்சேன்னு." பேஸ்காரர் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. "அன்னைக்குத்தான் கடைசின்னு முடிவு பண்ணிட்டேன். வாயால சொல்ல வரல. இத்தன வருஷமா பின்னால மிதிக்கிறானே, இவன் முகம் எப்படி இருக்கும், ஒரு தடவையாவது பாத்துட்டுப் போயிரலாம்னு திரும்பினேன். உன் உச்சந்தலைதான் தெரிஞ்சுது. நடுவுல வழுக்க விழுது. ஏன் குனிஞ்சே?"

"நீ ஏன் திரும்பறேன்னு சொல்லிட்டுத் திரும்பியிருக்கலாம்ல?"

"நீ நிமிந்திருந்தா சொல்லியிருப்பேன்ல?"

சுற்றிலும் காலி நாற்காலி. டீ வந்தது, இரண்டு டம்ளரில். ஒன்டூ குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"திரும்பி வா," என்றார். "விட்ட எடத்தையெல்லாம் நான் அடைக்கிறேன்."

"எத்தனைய அடைப்பே? கடைசில நீ மட்டும்தான் வாசிப்பே. நான் கோட்டு மாட்ற ஆணி மாதிரி நிப்பேன்."

"நின்னா போதும்."

பேஸ்காரர் தலையை ஆட்டினார். "வேணாம்டா. ஒரு நாள் சாப்பிட வரேன். முன்னால உக்காந்து ஒழுங்கா உன் மூஞ்சியப் பாக்கறேன்."

சொன்ன மாதிரியே ஒரு நாள் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, தனி ஆளாக ஒரு மேசையில் உட்கார்ந்தார். முன்னால் உட்கார்ந்தால் முகம் தெரியும் என்று யார் சொன்னது? அந்தச் சந்தில் பாட்டுக்கார அம்மாவும் கீபோர்டுக்காரரும் நந்தி மாதிரி மறைத்து நின்றார்கள். வாசிக்கிறபோது எப்போதாவது ஒரு குச்சியின் நுனி மேலே தெரிந்து மறையும். அவ்வளவுதான் ஒன்டூ. ஒன்டூ இந்தப் பக்கம் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிப் பார்த்தார். கீபோர்டுக்காரரின் முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. அதில் தெரிந்தது ஒரு மேசைத்துணியும், அதன் கீழே ஒரு செருப்பும். குதிகால் உயர்ந்தது, இறங்கியது. அந்த மத்தியானம் முழுவதும் ஒன்டூ படி தவறி விழவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் குனிந்துவிடுகிற ஒன்டூ, குனியவில்லை. எழுந்து நின்றார். அவர் அங்கே எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மேசை காலியாக இருந்தது. பேஸ்காரர் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் அந்த முதுகை இருட்டிலும் சொல்லிவிடுவார் ஒன்டூ. கூப்பிட வேண்டும் என்று நினைத்தார். பேர் சொல்லியா, மச்சான் என்றா, எப்படிக் கூப்பிடுவது? மனசுக்குள் எண்ணினார். ஒன், டூ. அதற்குள் முதுகு கதவருகே போய்விட்டது. காலை வைத்துப் பெடலை மிதித்தார்.

தொம்.

கதவருகே முதுகு நின்றது. குதிகால் உயர்ந்தது. உயர்ந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. பேஸ்காரர் திரும்பவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒன்டூ கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். திரும்பவில்லை. அப்படியென்றால் தப்பில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமும் தப்பில்லை. மெடல் தகரமில்லை. அவ்வளவும் சரிதான். ஆனாலும் ஒரு தடவை திரும்பியிருந்தால் இந்தத் தடவை குனிந்திருக்க மாட்டோமே என்றும் இருந்தது. பிறகு எப்போதும் போலக் குனிந்து முதல் நட்டில் கை வைத்தார். சாப்பிடுகிற அறைக்குப் போனபோது மேசை ஈரமாக இருந்தது.

இவ்வளவுதான் கதை.

கடைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அதான் மரியாத," என்றார். "திரும்பாம போனான் பாரு. அதான் வாத்தியக்காரன்."

"என்னய்யா மரியாத?" என்றார் ட்ரம்பெட்காரர். "அவன் ஒத்தையா எழுந்து நிக்கிறான். முகத்தக் காட்டணும்னு நிக்கிறான். ஒரு தடவ கழுத்தத் திருப்பினா கொறஞ்சா போயிருவான்?"

"திரும்பினா தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம். கதைய ஒழுங்காக் கேட்டியா இல்லியா?"

"அது வாசிக்கிறப்போ. இவன் சாப்பிட்டுட்டுப் போறான்."

"மிதி விழுந்துச்சுல்ல? மிதி விழுந்தா வாசிப்புத்தான்."

வயலின்காரர் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. மொத தப்பே குனிஞ்சவன் மேலதான்."

"நீ பேசாத," என்றார் ட்ரம்பெட்காரர். "நீ மேடையில என்னைய எத்தன தடவ திரும்பிப் பாத்திருக்கேன்னு எனக்குத் தெரியும்."

"நீ ஊதினது அப்படி. பாக்காம என்ன செய்யறது?"

"எங்க, இப்பத் திரும்பிப் பாரு பாப்போம்."

ட்ரம்பெட்காரர் எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் உருண்டது. கடைக்காரர், "என் கடையில வேணாம், அந்தக் குழலக் கீழ வை, இப்பத்தான் நிமித்தினேன்," என்று கத்திக்கொண்டே நடுவில் பாய்ந்தார். வயலின்காரர், "நீதானே மரியாத கிரியாதன்னு ஆரம்பிச்சே," என்று கடைக்காரர் பக்கமாகத் திரும்பினார். திரும்பின வேகத்தில் அவர் கையிலிருந்த வயலின் வில்லின் முனை ட்ரம்பெட்காரரின் மூக்கில் பட்டது.